வரப்புத் தேக்கும் சோளக் கதிரும்

கேள்வி: நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 68. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம். 1970 வாக்கில் வேலை பெர்மிட் பிரச்சினை வந்தபோது அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைப் பக்கம் ஊருக்கே திரும்பிவிட்டார். நான் இங்கே தங்கிவிட்டேன். அங்கே மூன்று ஏக்கர் கரிசல் மானாவாரி நிலம் இருக்கிறது. இப்போது தம்பி மகன் பார்க்கிறான். ஒன்பது வருடத்துக்கு முன் நான் பணம் அனுப்பி, நடு வரப்பில் கிழக்கு மேற்காக ஒரு நிரை தேக்கும், மேற்கு எல்லையில் சூபாபுல் என்ற தீவன மரமும் நடச் சொன்னேன். மூன்று வருடமாகத் தேக்கை ஒட்டிய சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. வரப்புக்கு வடக்கே ஏழெட்டு வரிசை, தெற்கேயும் ஏழெட்டு வரிசை அப்படித்தான். கதிர் கட்டைவிரல் அளவு. இங்கே என் வீட்டுக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரத்தில் போட்ட வெண்டையும் இப்படித்தான் காய்க்காமல் இருந்தது. கீழ் மட்டைகளை வெட்டிவிட்டேன், வெளிச்சம் வந்ததும் சரியாகிவிட்டது. அதனால் தேக்கிலும் கிளையைக் கழித்தால் போதும் என்றேன். அவனோ, ‘நிழல் இல்ல பெரியப்பா, வேருதான் குடிக்குது. வெட்டிடலாம்’ என்கிறான். மரம் ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவந்து பயிருக்குக் கொடுக்கும் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். யார் சொல்வது சரி?

பதில்:

ஐயா, உங்கள் தம்பி மகன் சொல்வதுதான் சரி. ஆனால் எல்லா மரத்தையும் வெட்டிவிட வேண்டும் என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டையும் விளக்குகிறேன்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்குச் சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வடக்கே ஏழெட்டு வரிசை, தெற்கேயும் ஏழெட்டு வரிசை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊரில் சோளம் விதைப்பது புரட்டாசி, ஐப்பசியில். அப்போதிலிருந்து தை வரைக்கும் சூரியன் தென்புறமாகவே சாய்ந்து போகும். மார்கழி நண்பகலில் ஏழு மீட்டர் உயர மரத்தின் நிழல் ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளத்துக்கு வடக்கே விழும். காலையிலும் மாலையிலும்கூட நிழல் வடக்குப் பக்கம்தான் ஒதுங்கும். கிழக்கு மேற்காக ஓடும் உங்கள் தேக்கு நிரையின் நிழல், பயிர் நிற்கும் அந்த மாதங்களில் தெற்கே இருக்கும் சோளத்தின் மேல் விழ வழியே இல்லை. நிழல்தான் காரணம் என்றால் வடக்குச் சோளம் வாடி, தெற்குச் சோளம் செழித்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படுத்துவிட்டது என்றால் திருட்டு மண்ணுக்குள் நடக்கிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. உங்கள் வெண்டை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நெடுநெடுவென்று மெலிந்து, வெளிறி, வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு ஏங்கும் செடி உயரும். தண்ணீருக்கு ஏங்கும் செடி குட்டையாகும். நண்பகலில் இலையைச் சுருட்டிக்கொள்ளும், பொழுது சாய்ந்ததும் விரிக்கும். நாளாக ஆக மாலையிலும் விரியாது. முழங்கால் உயரத்தில் நின்ற சோளம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு வேரின் மேல்தான் சந்தேகம் வந்தது.

நீங்கள் செம்பனையில் கற்றது தவறில்லை. இந்த ஊருக்கு அது முழுக்கச் சரி. நானும் தோட்டத்தில் பிறந்தவன். மறுநடவு செய்த ரப்பர் நிரைகளுக்கு நடுவே அம்மா கடலையும் மரவள்ளியும் போடுவார்கள். முதல் இரண்டு வருடம் நன்றாக வரும். மூன்றாவது வருடம் இலைகள் கூடிக்கொண்டதும் கடலை பூப்பதை நிறுத்திவிடும். அம்மா வேறு நிரை தேடிப் போய்விடுவார்கள். செம்பனையும் அப்படித்தான். ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் ஐந்தாறு வருடத்தில் மட்டைகள் கோர்த்துக்கொள்ளும், அப்புறம் தரையில் எதுவும் சரியாக வராது. நமக்கு மழைக்குக் குறைவில்லை. தீபகற்பத்தில் பெரும்பாலான இடங்களில் வருடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, அதுவும் ஏறக்குறைய எல்லா மாதமும். இங்கே மரமும் பயிரும் அடித்துக்கொள்வது மேலே, வெளிச்சத்துக்காக. அதனால் தோட்டத்தில் வளர்ந்த நம் எல்லோருக்கும் பயிர் மெலிந்தால் உடனே கண் மேலே போகும், கை பாராங் கத்தியைத் தேடும். முதல்முறை விருதுநகர்ப் பக்கம் ஒரு நிலத்தைப் பார்க்கப் போனபோது நானும் கிளையைத்தான் அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற வயதான விவசாயி ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து, மரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு கொத்துக் கொத்தினார். விரல் தடிமனில் வேர் வந்தது. அன்றிலிருந்து நான் கீழே பார்க்கப் பழகிக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அந்தப் பக்கத்தில் வருட மழை சுமார் 800 மி.மீ. ஒரு ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு 80 லட்சம் லிட்டருக்கு மேல். அந்த 32 லட்சத்தில் பாதியளவு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அதில் ஒரு பங்கு ஓடையில் ஓடிவிடும். வெயில் காயும் வறண்ட நிலங்களில் பெய்த மழையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, எந்தச் செடிக்குள்ளும் போகாமல் மண் பரப்பிலிருந்தே ஆவியாகிவிடும். மிஞ்சுவது என்னவோ, அதை வைத்துத்தான் சோளம் நூறு நாளைக் கடக்க வேண்டும். அந்த மிச்சத்தில்தான் ஒன்பது வருடம் வேரோடிய தேக்கும் கை வைக்கிறது. விதைத்து இருபது நாளான சோளத்தின் வேர் ஒரு முழம்கூடப் போயிருக்காது. தேக்கின் வேர் அதற்கு முன்பே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இது உங்கள் தம்பி மகனும் நானும் ஊகித்தது மட்டும் இல்லை, சோதித்துப் பார்த்த விஷயம். ஹைதராபாத் அருகே பதாஞ்சேருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1972-ல் தொடங்கப்பட்டது, மானாவாரிப் பயிர்களுக்கென்றே. அங்கே 1980-களில் சூபாபுல் வேலி நிரைகளுக்கு நடுவே சோளம், ஆமணக்கு, தட்டைப்பயறு போட்டுப் பார்த்தார்கள். வேலியை ஒட்டிய பயிர் உங்கள் சோளம் போலவே குன்றிப்போனது. அப்புறம் சில இடங்களில் வேலிக்கும் பயிருக்கும் நடுவே மண்ணுக்குள் தடுப்பு இறக்கி வேரை மறித்தார்கள். மேலே நிழல் அப்படியே இருந்தது, கீழே வேர் மட்டும் வர முடியவில்லை. பயிர் தனியாக விதைத்த பயிரைப் போலவே மீண்டுவிட்டது. வெளிச்சத்தைவிடத் தண்ணீர்தான் வழக்கு என்று அதில் தெரிந்தது.

நீங்கள் எல்லையில் நட்டிருக்கும் அதே சூபாபுல்தான் அது. இங்கே சாலையோரத்தில் தானாக முளைத்துக் கிடக்குமே, மலாய்க்காரர்கள் பெத்தாய் பெலாலாங் என்பார்கள், அந்த மரம். நைஜீரியாவில் இபாடான் பக்கம், மழை நன்றாகப் பெய்யும் இடத்தில், இதை நிரை நிரையாக நட்டு நடுவே மக்காச்சோளம் விதைத்து நல்ல பலன் கண்டார்கள். தழையை வெட்டிப் போட்டால் தழைச்சத்து கிடைத்தது. அந்த முறையை அப்படியே வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோனபோதுதான் அடி விழுந்தது. மழைக்காட்டு நாட்டின் பாடத்தை மானாவாரிக்கு எடுத்துப் போகும்போது வரும் இந்தச் சறுக்கல் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை ஐயா. பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்களுக்கும் வந்திருக்கிறது.

சரி, ஆழத்துத் தண்ணீரை மரம் மேலே கொண்டுவரும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். இரவில் இலை ஓய்ந்திருக்கும்போது, ஈரமான ஆழத்து மண்ணிலிருந்து வேர் வழியே நீர் ஏறி, காய்ந்த மேல்மண்ணில் கொஞ்சம் கசியும். பல மரங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கீழே தண்ணீர் இருக்க வேண்டும். உங்கள் நிலத்தில் கரிசலுக்குக் கீழே என்ன இருக்கிறது? நாலைந்து அடியில் சுண்ணாம்புக் கட்டியோ ஓடைக்கல்லோ வந்துவிட்டால், மழை நீர் அதைத் தாண்டி இறங்காது. கீழே குடிக்க ஒன்றும் இல்லாதபோது ஆணிவேர் இறங்கி என்ன செய்யும்? பக்கவாட்டில்தான் ஓடும். கென்யாவில் மச்சாக்கோஸ் என்ற இடத்திலும் இதைத்தான் கண்டார்கள். கிட்டத்தட்ட உங்கள் ஊர் அளவுக்கே மழை. சில்வர் ஓக் மரத்தின் வேரும் மக்காச்சோளத்தின் வேரும் ஒரே அடுக்கில் பின்னிக் கிடந்தன. மரத்தையும் பயிரையும் சேர்த்து வளர்க்கும் இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் ஒரு மரத்தை மதிப்பிடும்போது முதலில் கேட்பது இதைத்தான்: பயிர் எப்படியும் எட்ட முடியாத தண்ணீரை இந்த மரம் குடிக்கிறதா? ஆழத்துத் தண்ணீர், சித்திரையில் பெய்யும் கோடை மழை, அறுவடைக்குப் பிறகு மண்ணில் மிஞ்சும் ஈரம், இவற்றை மரம் எடுத்தால் அத்தனையும் லாபம். பயிர் குடிக்கிற வேளையில் பயிர் குடிக்கிற அடுக்கிலேயே குடித்தால், மரம் வளர்ந்த அளவுக்குப் பயிர் குறையும்.

அந்தக் கணக்கில் தேக்கு தோற்றுவிடுகிறது. தை, மாசியில் இலை உதிர்த்துவிட்டுக் கோடையெல்லாம் மொட்டையாக நிற்கும். மழை தொடங்கியதும் தட்டுத் தட்டான இலைகளை விரிக்கும். சோளம் நிற்கும் மூன்று மாதமும் அது முழு இலையோடு நிற்கிறது. போதாததற்கு, நல்ல கட்டையாக வர தேக்குக்கு 1,200 மி.மீ.க்கு மேல் மழை வேண்டும். உங்கள் வரப்பில் அது சோளத்தையும் கெடுத்து, தானும் முழு மரமாக ஆகாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தேக்கு நட்டால் பேரப்பிள்ளைகளுக்கு ஆகும் என்ற நம்பிக்கையில் இங்கிருந்து பணம் அனுப்பிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவில் சகாரா ஓரத்து நாடுகளில் இதற்கு நேர்மாறான ஒரு வேல மர இனம் இருக்கிறது, பெய்தெர்பியா என்பார்கள். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், கோடையில் துளிர்க்கும். கம்பு நிற்கும்போது அதற்கு நிழலும் கொடுக்காது, தண்ணீரும் பிடுங்காது. அதன் அடியில் கம்பு மற்ற இடத்தைவிட நன்றாக வருவதால் உழவர்கள் வயலுக்குள்ளேயே அதை விட்டு வைக்கிறார்கள். ராஜஸ்தானில் நம் வன்னி மரம் அப்படி. வேர் வெகு ஆழம் போகும், இலை பொடிப்பொடியானது, குளிர்காலத்தில் கிளையை முழுக்கக் கழித்து ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போட்டுவிடுவார்கள். உங்கள் ஊரிலேயே பனை இருக்கிறதே. நிழல் ஒரு குடை அளவு, அதுவும் உயரத்தில். சல்லிவேர் அதிகமும் தூரைச் சுற்றியே கிடக்கும். பனையின் அடி வரைக்கும் உழுது விதைக்கிறார்கள். நம் பாட்டன்மார் எல்லையில் பனையை வைத்ததற்கு நுங்கும் ஓலையும் மட்டும் காரணம் இல்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் வெட்டாதீர்கள். முதலில் உங்கள் இருவருக்கும் இருக்கும் வாதத்தை நிலமே தீர்க்கட்டும். இந்தப் புரட்டாசியில் விதைப்புக்கு முன், வரப்பின் தெற்குப் பக்கம் மட்டும், மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றடி ஆழம், ஒரு அடி அகலம் போதும். குறுக்கே வரும் வேர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மண்ணைத் திரும்பத் தள்ளி மூடிவிடலாம். மீதி நீளத்தைத் தொட வேண்டாம். மார்கழியில், வெட்டிய இடத்துக்கு நேரே இருக்கும் சோளத்தையும் வெட்டாத இடத்துச் சோளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பதாஞ்சேருவில் செய்ததும் ஏறக்குறைய இதேதான், அவர்கள் வெட்டிய இடத்தில் தடுப்பும் வைத்தார்கள், அவ்வளவே. ஆனால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒரே வருடத்தில் வேரை வெட்டக்கூடாது. ஐப்பசிக் காற்றில் மரம் சாய்ந்துவிடும். அப்புறம், வெட்டிய வேர் சும்மா இருக்காது. ஓரிரு வருடத்தில் திரும்ப எட்டிப் பார்க்கும், திரும்ப வெட்ட வேண்டும். ஆள் கூலியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளை கழிக்கச் சொன்ன உங்கள் யோசனையும் வீணில்லை. காரணம்தான் வேறு. அங்கே கிளை கழிப்பது வெளிச்சத்துக்காக இல்லை, இலையைக் குறைப்பதற்காக. மரம் குடிக்கும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் இலை வழியேதான் போகிறது. இலை குறைந்தால் குடியும் குறையும். அதனால் காலம் முக்கியம். இங்கே நாம் எந்த மாதமும் மட்டை வெட்டுவோம். அங்கே புரட்டாசிக் கடைசியில், விதைப்பை ஒட்டிக் கழித்தால்தான் பயிருக்குப் பயன். கோடையில் கழித்தால், மழை வரும்போது மரம் புது இலையோடு தயாராக நிற்கும்.

சூபாபுல்லை இன்னும் கடுமையாக நடத்தலாம், அது தாங்கும். விதைப்புக்கு முன் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். பயிர் நிற்கும்போது துளிர்க்கத் துளிர்க்க ஒடித்து ஆட்டுக்குப் போடுங்கள். காய் முற்ற விடாதீர்கள், விதை விழுந்தால் நிலம் முழுக்க அதுவாகிவிடும். அந்தத் தழையை மட்டுமே தீவனமாகவும் போடக்கூடாது. அதில் இருக்கும் ஒரு நச்சுப்பொருளால் மயிர் கொட்டும், ஆடு மெலியும். மற்றத் தீவனத்தோடு கலந்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கொடுத்தால் நல்ல தீவனம்.

தேக்கில் என் யோசனை, ஒன்று விட்டு ஒன்றை எடுத்துவிடுவது. முதலில் மெலிந்ததும் கோணலாகப் போனதும் போகட்டும். நிற்பது கொஞ்சம் பருக்கும், சோளத்துக்கும் கொஞ்சம் மூச்சு வரும். வெட்டுவதற்கு முன் அங்கே வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், தேக்கு என்பதால் சொல்கிறேன். மரத்தை ஒட்டிய எட்டு, பத்தடியில் இனிச் சோளம் விதைத்து விதையையும் கூலியையும் விட வேண்டாம். கொழுக்கட்டைப் புல்லுக்கு விட்டுவிடலாம். காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்று இருக்கிறது. கிளுவை வேலிக்குள்ளே வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும் மாடும் ஆடுமாக, தானியமே எதிர்பார்க்காமல் ஒரு நிலத்தை வைத்திருக்கிறார்கள். மரம் நிற்கும் இடத்தில் புல்லும் கால்நடையும், மரம் இல்லாத இடத்தில் தானியம் என்று பிரித்துக்கொள்வது ஏமாளித்தனம் இல்லை. மழை பொய்த்த வருடத்தில் சோளம் மூன்று ஏக்கரிலும் காயும். அப்போது ஆட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் கொடுப்பது மரம்தான். ஒரு மரமும் வேண்டாம் என்று உங்கள் தம்பி மகன் சொன்னால் இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

புதிதாக நடுவதாக இருந்தால் எல்லையில் பனங்கொட்டை போடுங்கள், செலவே இல்லை. வன்னியோ வெள்வேலோ ஏக்கருக்கு நாலைந்து இருக்கலாம். பெரிய மரம் எதுவாக இருந்தாலும் வடக்கு எல்லையில் வைத்தால் பயிர்க்கால நிழல் உங்கள் நிலத்துக்கு வெளியே விழும். அங்கே பாதையோ ஓடையோ இருந்தால்தான் அப்படி. அடுத்தவர் வயல் இருந்தால் அவர் சோளமும் சோளம்தானே. கோவில்பட்டியில் மானாவாரிக்கென்று வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அருப்புக்கோட்டையிலிருந்து தூரம் இல்லை. கரிசலுக்கு எந்த மரம் என்று அங்கே நேரில் போய்க் கேட்கலாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அப்போது சோளம் முழங்கால் உயரம் இருக்கும். மழை விட்டு ஒரு வாரம் கழித்து, தேக்கிலிருந்து ஆறடியில் ஒரு குழி, முப்பதடியில் ஒரு குழி, இரண்டையும் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, மண்ணை எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். தம்பி மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எது உருண்டது, எது உதிர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள். மார்கழியில் அவர் கால்வாய் வெட்டிய இடத்துக் கதிரைப் பத்துச் செடியிலும், அதே தெற்குப் பக்கத்தில் வெட்டாத இடத்துக் கதிரைப் பத்துச் செடியிலும் எடுத்து நிறுத்துச் சொன்னால், ஒன்று விட்டு ஒன்றா, இல்லை இன்னும் கூடுதலாக எடுக்க வேண்டுமா என்பதை அந்த எடையை வைத்து முடிவு செய்யலாம்.